இரண்டாம் நாளில் மாறும் வண்டிகள்

ஒருவர் புதிய கார் வாங்குகிறார். அன்று மாலை அதை வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்துகிறார். மறுநாள் காலையிலேயே அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு சக்கரங்களை மாட்டுகிறார். கியர் நெம்புகோலை மாற்றுகிறார். புகைக் குழாயையும் மாற்றுகிறார். இப்படி, வாங்கிய கையோடு உரிமையாளரின் விருப்பத்துக்கேற்ப மாற்றப்பட்ட காரை அமெரிக்காவின் பழைய கார் ஆர்வலர்கள் 'இரண்டாம் நாள்' கார் என்கின்றனர். ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பது முதல் நாள் கார். 1960-களில் வாங்கப்பட்டு, அந்தக் காலத்துக் கடைகளில் விற்ற பாகங்களைக் கொண்டே மாற்றியமைக்கப்பட்ட கார்களைத் தேடிப் பிடித்துப் பாதுகாப்போர் இன்று அங்கு பலர்.

இதைத் தொலைதூர நாட்டுச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நான் வசிக்கும் செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும். விற்பனையகத்தில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம் பழம் நசுக்கி வெளியே வரும் புதிய மோட்டார் சைக்கிளில், அந்த மாலை வாடுவதற்குள் சைலன்ஸர் மாறிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அந்த வண்டி கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முழங்கிக்கொண்டு போகிறது. இளைஞர்கள் இதை 'ஆல்டர்' செய்வது என்பர். பெற்றோர் வீண் செலவு என்பர். காவலர்கள் குற்றம் என்பர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மனிதர்கள் இதை ஏன் செய்கின்றனர், எதுவரை செய்யலாம் என்னும் கேள்விகளுக்கு இந்த மூன்றுமே விடையாகிவிடாது. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் அந்த விடையைத் தேடிப் பார்க்கலாம் எனத் தோன்றுகிறது.

முதலில் அமெரிக்கக் கதை. நடுத்தர அளவுள்ள, எடை குறைந்த காருக்குள் பெரிய காருக்குரிய வலிமையான எட்டு சிலிண்டர் எஞ்சினை வைப்பதுதான் 'மசில் கார்' என்பதன் சூத்திரம். 1964-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்ட எஞ்சினுடன் இதைத் தொடங்கி வைத்தது எனப் பலரும் கொள்கின்றனர். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை 2,368 டாலர் தொடக்க விலையில் அறிமுகப்படுத்தியது. வகைப்பாட்டில் கண்டிப்பானவர்கள் அதைப் 'போனி கார்' என்று தனியே பிரிப்பர். பிரிவு எதுவானாலும் முதல் 12 மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மஸ்டாங்குகள் விற்றன.

ஒரே மாதிரியான கார் இத்தனை லட்சம் பேரிடம் இருந்தால், 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விதான் ஒரு பெருந்தொழிலை வளர்த்தது. எடல்பிராக் நிறுவனம் எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து செல்லும் குழாய்த் தொகுதியைச் செய்து விற்றது. ஹாலி நிறுவனம் பெரிய கார்புரேட்டர்களை விற்றது. ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர் நெம்புகோலைத் தரைக்குக் கொண்டுவரும் கருவிக்கு ஹர்ஸ்ட் நிறுவனம் பெயர் பெற்றது. குரோமியம் பூசிய ஐந்து ஆரச் சக்கரத்துக்கு கிரேகர் நிறுவனம் புகழ்பெற்றது. இத்தகைய வேகப் பாகங்களைச் செய்வோர் 1963-இல் தங்களுக்கென ஒரு சங்கத்தையே அமைத்துக்கொண்டனர். சில விற்பனையாளர்கள் மறுநாள் வரைகூடக் காத்திருக்கவில்லை. பென்சில்வேனியாவின் டான் யென்கோ போன்றோர் தம் கடையிலேயே மாற்றங்களைச் செய்து காரை ஒப்படைத்தனர்.

ஆலை ஏன் இந்தப் பாகங்களைத் தானே பொருத்தவில்லை? புகைக் குழாயை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர்களின் புகையை ஒரே வார்ப்பிரும்புக் கூட்டில் சேர்த்து வெளியேற்றுவது ஆலையின் முறை. அதில் செலவு குறைவு, ஓசையும் குறைவு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே வளைந்த எஃகுக் குழாய் கொடுத்து, சற்றுத் தள்ளி அவற்றை இணைப்பது வெளிச்சந்தையின் முறை. புகை தடையின்றி வெளியேறுவதால் எஞ்சினின் வலிமை சற்றுக் கூடும். விலையும் இரைச்சலும் கூடும். லட்சம் பேரில் பெரும்பாலோர் இந்தப் பரிமாற்றத்தை விரும்பமாட்டார்கள். ஆலை அவர்களுக்காகவே காரைச் செய்கிறது. விரும்பும் சிறுபான்மையினருக்கு வெளிச்சந்தை உதவுகிறது.

பொருளியலில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. நாம் பொருள்களை விரும்புவதில்லை, அவற்றில் அடங்கியுள்ள பண்புகளையே விரும்புகிறோம் என்று கெல்வின் லங்காஸ்டர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். ஒரு வண்டி என்பது வேகம், சிக்கனம், வசதி, பாதுகாப்பு, தோற்றம், ஓசை ஆகிய பண்புகளின் மூட்டை. ஆலை இந்தப் பண்புகளை ஒரு சராசரி மனிதருக்கு ஏற்ற விகிதத்தில் கட்டிக் கொடுக்கிறது. அந்தச் சராசரி மனிதர் நம் தெருவில் எங்கும் வசிப்பதில்லை. எனவே வாங்கியவர் மூட்டையை அவிழ்த்துத் தம் விகிதத்தில் மீண்டும் கட்டுகிறார். உற்பத்தி ஆலை வாசலில் முடிந்துவிடுவதில்லை. அதன் கடைசிப் பகுதி வாங்கியவர் வீட்டுத் தாழ்வாரத்திலோ தெருமுனைப் பட்டறையிலோ நடைபெறுகிறது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காருக்கே ஏராளமான துணைப்பொருள்கள் சந்தையில் விற்றன என்பது இதற்குப் பழைய சான்று.

நம் பகுதிக்கும் இந்தக் கதையில் நெருங்கிய பங்கு உண்டு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கும் வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஆலை இயங்கியது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்து வந்தது. ஆங்கிலேய டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்த அந்தக் காரில் அடிச்சட்டம் தனி. மேற்கூடு அதன்மீது திருகி இணைக்கப்பட்டது. முன்பக்க மூடி முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினின் இருபுறமும் நின்று வேலை பார்க்கலாம். வீட்டிலேயே கைவேலை செய்ய விரும்புவோருக்கு அதைவிட வாகான கார் அன்று இல்லை எனலாம்.

அன்று அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே நம் சந்தையில் இருந்தன. உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட காலம் அது. காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். தேர்வு செய்யும் உரிமை வாங்கும்போது கிடைக்கவில்லை. ஆகவே வாங்கிய பிறகு அதை எடுத்துக்கொண்டனர். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருக்கை உறைகளும் விளக்குகளும் வாங்கி, புதுப்பேட்டையில் பாகங்கள் தேடி, பழகிய மெக்கானிக்கிடம் வண்டியை விட்டனர். ஃபியட்டிலும் அதன் வழிவந்த பிரீமியர் பத்மினியிலும் கியர் நெம்புகோல் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. அதைத் தரைக்கு மாற்றும் 'ஃப்ளோர் கியர்' வேலை அன்று பரவலாக நடந்தது. அமெரிக்காவில் ஹர்ஸ்ட் கருவி செய்ததும் இதே வேலைதான். இரு நாட்டு மெக்கானிக்குகளும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே விடையைக் கண்டடைந்திருக்கின்றனர். பத்மினியின் பிற்கால மாதிரி ஒன்றில் ஆலையே தரை கியரைக் கொடுத்தது. வாங்குவோர் தம் கைக்காசில் செய்து பார்த்த சோதனையிலிருந்து ஆலைகள் பாடம் கற்கின்றன என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்கள் இந்தக் கைவினைக்குப் பள்ளிக்கூடமாகவே விளங்கின. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தப் பந்தயங்களை நடத்தியது. பின்னர் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே உருவானது. அன்றாடம் அலுவலகம் சென்று வந்த கார்களையே கைவேலையால் மாற்றிப் பந்தயத்தில் ஓட்டியவர்களும் அங்கு உண்டு.

மஸ்டாங்கைத் தந்த ஃபோர்டு நிறுவனமே பிறகு நம் மாவட்டத்துக்கு வந்தது. மறைமலை நகர் ஆலையில் செய்யப்பட்ட ஐகான் கார் 1999-இல் வெளியானது. விறுவிறுப்பான எஞ்சின் கொண்ட அந்தக் கார் இளைஞர்களின் விருப்பத்துக்கு உரியதாயிற்று. அகலமான டயர், அலாய் சக்கரம், மாற்றிய புகைக் குழாய் ஆகியவற்றுடன் பல ஐகான்கள் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடின. அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022-இல் நின்றபோது, இந்தப் பகுதியில் பலருக்கு அது வேலையிழப்பு மட்டுமாக இருக்கவில்லை; தாங்கள் செய்த வண்டியைத் தாங்களே ஓட்டிய ஒரு காலத்தின் முடிவாகவும் இருந்தது.

ஆயினும் தமிழ்நாட்டின் உண்மையான 'மசில் கார்' இரண்டு சக்கரங்களில் ஓடுவதுதான். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட்டும், 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியும் பெற்ற இடத்தை வேறெதுவும் பெறவில்லை. புல்லட்டுக்கு வெளிச்சந்தையில் விற்ற சைலன்ஸர் வகைகளில் ஒன்றுக்குக் 'கோல்டு ஸ்டார்' என்று பெயர். பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பழைய மோட்டார் சைக்கிள் பெயர் அது. அந்த ஆங்கிலேய வண்டியைக் கண்ணால் காணாத மெக்கானிக்குகளும் அப்பெயரைத் தம் அன்றாடச் சொல்லாக்கிக்கொண்டனர். இன்று அந்நிறுவனமே முன்பதிவின்போதே கண்ணாடி, இருக்கை, நிறம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியை 2020 முதல் அளித்துவருகிறது. இரண்டாம் நாள் சந்தையின் வருவாய் முதல் நாளிலேயே தன்னிடம் வரவேண்டும் என்று ஆலை எண்ணுவது இயல்பான வணிகம்.

மாற்றத்துக்குத் தூண்டுவது பண்புகளின் கணக்கு மட்டுமன்று. பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் நுகர்வைப் பற்றி தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே எழுதினார். நான் பணியாற்றிய கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தைப் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விலையுயர்ந்த வண்டிகள் பெரும்பாலும் வாங்கியபடியே நிற்கும். பகுதிநேர வேலை பார்த்து, தவணையில் பழைய வண்டி வாங்கிய மாணவரின் வண்டியில்தான் அதிக மாற்றங்கள் தென்படும். விலையால் பெறமுடியாத மதிப்பைக் கைவேலையால் பெறும் முயற்சி அது. அதில் ஏளனம் செய்ய ஏதுமில்லை. தானே திருகி முடுக்கிய பொருளின் மீது மனிதருக்குக் கூடுதல் பற்று உண்டாவதை நடத்தைப் பொருளியல் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

அப்படியானால் எல்லா மாற்றங்களையும் வரவேற்றுவிடலாமா? இங்கேதான் 1964-க்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவேண்டும். அன்றைய எஞ்சின் திறந்த புத்தகம். கார்புரேட்டரின் சிறு துளைத் திருகை மாற்றினால் பெட்ரோலின் அளவு மாறும். கண்ணால் பார்த்து, காதால் கேட்டுச் சரிசெய்யலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்குப் பின் வரும் எஞ்சின்கள் அத்தகையவை அல்ல. புகையிலுள்ள ஆக்ஸிஜனை உணர்கருவி அளக்கிறது. அதற்கேற்ப மின்னணுக் கட்டுப்பாட்டகம் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகைக் குழாயிலுள்ள வினையூக்கி நச்சு வாயுக்களைக் குறைக்கிறது. இந்தத் தொகுதியில் குழாயை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டினால், பெரும்பாலும் வலிமை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. கழற்றிய பகுதியில் வினையூக்கி இருந்தால் மாசு கூடும். ஓசை நிச்சயம் கூடும். அதிக ஓசையை அதிக வலிமை என்று காது ஏமாறுகிறது.

அந்த ஓசையின் அளவையும் கருதவேண்டும். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள், ஆலைச் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது விதி. டெசிபல் என்பது சாதாரண அளவுகோல் அன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். 20 கூடினால் நூறு மடங்காகும். காதுக்கு 10 டெசிபல் உயர்வு ஏறத்தாழ இரு மடங்கு ஓசையாகப் படும். ஆக, 80 டெசிபல் 100 ஆகும்போது கூடியது கால் பங்கு என்று எண்ணுவது தவறு. சாலையோர வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கும், இரவுப் பணி முடித்து உறங்கும் தொழிலாளிக்கும் அந்த வேறுபாடு தெரியும்.

ஒருவர் செயலின் செலவு அவரைச் சாராமல் பிறர் தலையில் விழுவதை 'புறவிளைவு' என்பர். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920-இல் வெளியிட்ட நூலில் இதைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தார். வண்டி மாற்றங்களையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் அவை மூன்றாகப் பிரியும். முதல் வகை, எவரையும் பாதிக்காதவை: இருக்கை உறை, ஒட்டுப்படம், பெட்டி, கைப்பிடி உறை போன்றவை. இரண்டாம் வகை, முதன்மையாக ஓட்டுபவரையே பாதிப்பவை. அளவில் பெரிய டயர் இதற்குச் சான்று. சுற்றளவு 5 விழுக்காடு கூடினால் வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி 63-இல் ஓடும். மூன்றாம் வகை, பிறரைப் பாதிப்பவை: முழங்கும் சைலன்ஸர், எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, காரின் முன்புறம் பொருத்தப்படும் இரும்புத் தடுப்பு. மோதலில் நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கவேண்டிய முன்பகுதியின் பணியை அந்த இரும்பு கெடுக்கிறது. காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதையும் பாதிக்கக்கூடும். நடந்து செல்பவருக்குக் காயம் பெரிதாகிறது. மத்திய அரசு 2017-இல் இத்தடுப்புகளுக்கு எதிராக மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதன் காரணம் இதுவே.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என அப்பிரிவு விளக்குகிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இத்தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றிப் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி, காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறையிலேயே ரூ.10,000 வரை அபராதமும் மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் உண்டு.

ஆனால் அதே சட்டம் சில கதவுகளைத் திறந்தும் வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுத் தொகுதியைப் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிக்காகக் கூடுதல் சக்கரங்கள் பொருத்தி ஸ்கூட்டரைத் தகவமைத்து, அதைப் பதிவும் செய்துகொள்ளலாம். அந்த ஸ்கூட்டரும் ஒரு 'இரண்டாம் நாள்' வண்டிதான். ஒரு மனிதரின் நடமாட்ட உரிமையை மீட்டுத் தரும் மாற்றம் அது. ஆகவே சட்டம் மாற்றத்தையே வெறுக்கிறது என்று கருதவேண்டியதில்லை. சோதிக்கப்பட்டு, பதிவாகும் மாற்றத்தை அது ஏற்கிறது. குறை எங்கே என்றால், சோதனையும் பதிவும் சில வகைகளுக்கு மட்டுமே எளிதாகக் கிட்டுகின்றன.

தடையால் ஏற்படும் இழப்பு யாருக்கு என்பதையும் பார்க்கவேண்டும். தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் தவணையில் வண்டி வாங்குகிறார். முதல் மாதத்திலேயே சைலன்ஸரை மாற்றுகிறார். ஆலை கொடுத்த சைலன்ஸரைப் பட்டறையிலேயே விற்றுவிடுகிறார். சில மாதங்களில் அபராதம் வருகிறது. மாற்றிய பாகத்தால் பழுது ஏற்பட்டால் உத்தரவாதம் மறுக்கப்படுகிறது. அறிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டில் தகராறு செய்யலாம். விற்கப்போனால் விலையும் குறைகிறது. பழைய கார்ச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாததால் நேரும் சிக்கலை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். அமெரிக்கப் பேச்சு வழக்கில் குறையுள்ள காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். அவருடைய கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல்லே உள்ளது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சையை நசுக்கும் நமக்கு அந்தப் பெயர் வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் கருத்து நமக்கும் பொருந்தும். முழங்கும் சைலன்ஸரைப் பார்த்ததும் 'இந்த வண்டியைக் கண்டபடி ஓட்டியிருப்பார்கள்' என்று வாங்குபவர் முடிவு செய்கிறார். செலவழித்த பணம் விலையைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைத்துவிடுகிறது.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. ஜெர்மனியில் வெளிச்சந்தைப் பாகங்கள் ஒப்புதல் சான்றுடன் விற்கின்றன. பாகத்தின் தன்மைக்கேற்ப, பொருத்திய பிறகு தொழில்நுட்பச் சோதனை அமைப்பிடம் வண்டியைக் காட்டி ஆவணத்தில் பதிந்துகொள்கின்றனர். கலிபோர்னியாவில் மாசு விதிக்கு உட்பட்ட பாகங்களுக்கு அரசின் காற்று வளக் கழகம் விலக்கு எண் வழங்குகிறது. மூடியைத் திறந்து அந்த எண்ணைக் காட்டினால் போதும். அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டப்படி, வேறு நிறுவனப் பாகத்தைப் பயன்படுத்தியதை மட்டுமே காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல், உதிரி பாகச் சந்தையைத் தம் பிடிக்குள் வைத்திருந்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தாலும், வாங்கிய வண்டி யாருடையது என்ற கேள்வியை அந்த உத்தரவு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

நம்மால் இத்தகைய வழியைக் காணமுடியாதா? செங்கல்பட்டிலிருந்து எளிதில் சென்றுவரும் தொலைவில், ஒரகடத்தில், மத்திய அரசுத் திட்டத்தில் உருவான உலகத் தரம் வாய்ந்த வாகன ஆய்வு மையம் இருக்கிறது. வாகனங்களையும் பாகங்களையும் சோதித்துச் சான்றளிப்பதே அதன் பணி. சுற்றிலும் உதிரி பாகம் செய்யும் சிறுதொழில்கள் நிறைந்துள்ளன. ஒரு சைலன்ஸரைச் செய்பவர் அதன் மாதிரியை ஒருமுறை சோதனைக்குக் கொடுத்து, ஒலி, புகை அளவுகளில் தேறினால், ஒவ்வொன்றின் மீதும் சான்று எண்ணைப் பொறித்து விற்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறு கட்டணத்துக்கு அதைப் பதிவுச் சான்றில் சேர்க்கலாம். சாலையில் நிறுத்தும் காவலர் காதை நம்பி அபராதம் எழுதவேண்டாம். எண்ணைப் பார்த்தால் போதும். தேறாத பாகத்தை ஓட்டுபவரை மட்டும் தண்டிப்பதைவிட, அதைச் செய்து விற்பவரையும் பொறுப்பாக்குவதே பயன் தரும். சான்று பெறும் செலவைத் தனியொரு பட்டறையால் தாங்கமுடியாது. கூட்டாகத் தாங்கச் சிறுதொழில் சங்கங்களும் மாநில அரசும் உதவலாம். தடையை மட்டுமே நம்பினால் தரமான கைவினைஞர் ஒதுங்குவார்; பெயரில்லாத மலிவுப் பாகமே சந்தையை ஆளும்.

இதில் வரலாற்றுக்கும் ஒரு பங்குண்டு. 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதியும் விதி 2021-இல் வந்தது. அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. நல்ல விதிதான். எனினும் வண்டலூரில் பிறந்த ஹெரால்டில் 1970-இல் ஒருவர் பொருத்திய கூடுதல் விளக்கும் மரக் கைப்பிடியும் அந்தக் காலத்தின் ஆவணங்களே. புதுப்பிக்கிறோம் என்று அவற்றைப் பிடுங்கி எறிவோர், ஆலையின் வரலாற்றைக் காத்து உரிமையாளரின் வரலாற்றை அழிக்கின்றனர். பழைய ரசீது, பட்டறைச் சீட்டு, அக்காலப் புகைப்படம் ஆகியவை வீட்டில் இருந்தால் வண்டியோடு சேர்த்துப் பாதுகாக்கவேண்டும். அமெரிக்க ஆர்வலர்கள் ஓர் 'இரண்டாம் நாள்' காரை மதிப்பிடும்போது பாகத்தின் காலத்தைச் சரிபார்க்க இத்தகைய சான்றுகளையே நாடுகின்றனர்.

புதிய வண்டி வாங்கும் இளைஞருக்குச் சொல்லவேண்டியவை சிலவே. முதல் சில மாதங்கள் வண்டியை வாங்கியபடியே ஓட்டுங்கள். உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்பது அப்போதுதான் தெரியும். மாற்றும்போது எளிதில் மீட்கக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பாகத்தை விற்காமல் பத்திரப்படுத்துங்கள். பொருத்தியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உரிய தொகை கட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கு, பிரேக், சைலன்ஸர், பதிவெண் பலகை ஆகிய நான்கிலும் சான்றில்லாத எதையும் தொடாதீர்கள்.

அரசுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே. தான் வாங்கிய பொருளில் தன் கையெழுத்தை இடவேண்டும் என்ற ஆசை சட்டத்தால் அழியக்கூடியது அன்று. அந்தக் கையெழுத்து அடுத்தவர் உறக்கத்தின் மீதும் உயிரின் மீதும் இடப்படாமல் பார்த்துக்கொள்வதே சட்டத்தின் கடமை. எது கூடாது என்ற பட்டியல் நம்மிடம் நீளமாக இருக்கிறது. எது கூடும், அதை எங்கே சோதித்து எப்படிப் பதிவு செய்வது என்ற பட்டியலைத்தான் இனி எழுதவேண்டும். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பிறந்து வளர்ந்த இந்த வட்டாரத்திலிருந்தே அதை எழுதத் தொடங்கலாம்.